ஆள் வராமல் தைக்கும் சட்டை

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய வைஃபை ரௌட்டர் ஒன்று கையில் சிக்கியது. ஒரு ஆன்டெனா ஒடிந்திருந்தது. அடாப்டர் மட்டும் எப்படியோ பத்திரமாக இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்துத் தேடினேன். மிப்ஸ் வகை ப்ராசஸர், 32 எம்பி ரேம், 4 எம்பி ஃபிளாஷ் நினைவகம். இன்றைக்கு ஃபோனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அந்த 4 எம்பிக்குள் அடங்குமா என்பது சந்தேகம்.

அதற்கு ஒரு வேலை வைத்திருந்தேன். எங்கள் வீட்டு இணையம் அடிக்கடி அறுந்துபோகும். புகார் சொன்னால், "எங்க சைடு எல்லாம் ஓகேதான் சார்" என்பார்கள். எப்போது அறுந்தது, எத்தனை தடவை அறுந்தது என்று கணக்கு கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். நாள் முழுக்க ஓடினாலும் மின்கட்டணம் தெரியாத பெட்டி இது. இணையம் இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வைக்கும் அறுபது வரி சி நிரலை எழுதி இதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்த மென்பொருளை நீக்கிவிட்டு, ரௌட்டர்களுக்கென்றே செய்யப்பட்ட ஓபன்-டபிள்யூஆர்டி என்ற லினக்ஸை அதில் ஏற்றினேன். நிரலை எழுத அரை மணி நேரம் ஆயிற்று. அதை அந்தப் பெட்டிக்குள் ஓட வைக்க மூன்று நாள் ஆயிற்று.

ஒரு வேலைக்கென்று மட்டும் செய்த பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கணினியை எம்பெடட் கருவி, பதிகணினி என்றெல்லாம் சொல்கிறோம். ரௌட்டர், செட்-டாப் பாக்ஸ், சிசிடிவி கேமரா, மின்சார மீட்டர், காரின் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் பெட்டி எல்லாம் இந்த இனம். இவற்றில் ஓடும் மென்பொருளில் அநேகமாக எதுவும் அவற்றுக்குள்ளேயே செய்யப்பட்டதில்லை. வேறொரு கணினியில் செய்துதான் உள்ளே அனுப்புகிறார்கள். அந்த வேலைக்கு க்ராஸ் கம்பைலிங் என்று பெயர்.

ஒரே நிரல், இரண்டு உடம்பு

சி மொழியில் எழுதிய மூலநிரல் மனிதர்கள் படிப்பதற்கானது. ப்ராசஸர் புரிந்துகொள்வது எண்களாக அமைந்த தன்னுடைய கட்டளைகளை மட்டுமே. மூலநிரலை அந்தக் கட்டளைகளாக மாற்றித் தருகிற மென்பொருள்தான் கம்பைலர். ஒவ்வொரு ப்ராசஸர் குடும்பத்துக்கும் கட்டளைகள் வேறு. மடிக்கணினியில் இன்டெல், ஏஎம்டி பேசும் மொழி ஃபோனில் உள்ள ஆர்முக்குப் புரியாது. ஆர்ம் மொழி என் ரௌட்டரின் மிப்ஸுக்குப் புரியாது.

அப்படியானால் ரௌட்டருக்குள்ளேயே கம்பைலரை நிறுவி, அங்கேயே மாற்றிக்கொள்ளலாமே? ஜிசிசி என்ற புகழ்பெற்ற கம்பைலரில் சி மொழியைக் கையாளும் மையப் பகுதி மட்டுமே 20 எம்பிக்கு மேல் இடம் கேட்கும். நம்மிடம் இருப்பது 4 எம்பி. அதிலும் பெரும்பகுதியை லினக்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. இடம் கிடைத்தாலும், ஒரு பெரிய மென்பொருளை கம்பைல் செய்யும்போது நூற்றுக்கணக்கான எம்பி ரேம் செலவாகும். அந்த வழி அடைபட்டது.

முதல் நாள் எல்லோரும் செய்கிற தவறைத்தான் நானும் செய்தேன். மடிக்கணினியில் வழக்கம்போல கம்பைல் செய்து, வந்த கோப்பை ரௌட்டருக்கு அனுப்பி ஓடச் சொன்னேன். இது நிரல் என்பதே ரௌட்டருக்குப் புரியவில்லை. ஏதோ எழுத்துக் கோப்பு என்று எண்ணி வரிவரியாகப் படிக்கப் பார்த்து, முதல் வரியிலேயே இலக்கணப் பிழை என்றது.

ஏன் என்பதைக் கோப்பின் முதல் 20 பைட்டுகளே சொல்லிவிடும். லினக்ஸில் ஓடும் நிரல்கள் ஈஎல்எஃப் என்ற வடிவத்தில் இருக்கும். முதல் பைட் 127. அடுத்த மூன்றும் ஈ, எல், எஃப் என்ற எழுத்துகள். ஐந்தாவது பைட் 1 என்றால் 32 பிட் நிரல், 2 என்றால் 64 பிட். ஆறாவது, எண்களை எந்தப் பக்கத்திலிருந்து எழுதுவது என்ற வழக்கத்தைச் சொல்லும். 19, 20ஆம் பைட்டுகள் ப்ராசஸர் குடும்பத்தின் எண்: மிப்ஸுக்கு 8, ஆர்முக்கு 40, 64 பிட் இன்டெல்லுக்கு 62. என் மடிக்கணினி செய்த கோப்பில் அந்த இடத்தில் 62, 0 என்று இருந்தது. ரௌட்டரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலை எடுத்துப் பார்த்தேன். அதில் 0, 8 என்று இருந்தது. குடும்பம் வேறு என்பதோடு, பூஜ்யம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் வேறு. அந்த இரண்டாவது வேறுபாட்டை நான் அப்போது கண்டுகொள்ளவில்லை. அது பிறகு பழிவாங்கியது.

அளவுச் சட்டை

துபாயில் இருக்கும் மகனுக்கு ஊரில் சட்டை தைக்கக் கொடுக்கிறார் அம்மா. ஆள் வரமுடியாது. அவன் விட்டுச்சென்ற பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுக்கிறார். தையற்காரர் தன் கடையில், தன் மெஷினில், தன் கத்தரியால் வெட்டித் தைக்கிறார். சட்டை மட்டும் அந்த அளவுச் சட்டையைப் பார்த்து உருவாகிறது. கை மறதியாகத் தன் உடம்புக்கோ, பக்கத்தில் தொங்கும் இன்னொருவர் சட்டைக்கோ அளவு எடுத்துவிட்டால் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

க்ராஸ் கம்பைலிங் அப்படியே இதுதான். செய்யும் கணினி ஒன்று, ஓடும் கணினி வேறு. செய்யும் கணினியிடம் கருவிகள் எல்லாம் உண்டு. ஆனால் அதன் அளவுகள் ஒன்றுகூட நிரலுக்குள் கசியக்கூடாது. இந்தத் துறையின் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கசிவுதான்.

இதற்கென ஒரு கருவித்தொகுதி வேண்டும். டூல்செயின் என்பார்கள். மிப்ஸ் கட்டளைகளை உருவாக்கும் கம்பைலர், துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர், ரௌட்டரின் லினக்ஸுக்கு உரிய தலைப்புக் கோப்புகள், அடிப்படை சி லைப்ரரி ஆகியவை அதில் இருக்கும். கம்பைலரின் பெயரே முகவரி போல நீளமானது: மிப்ஸ்-ஓபன்டபிள்யூஆர்டி-லினக்ஸ்-மஸ்ல்-ஜிசிசி. எந்த ப்ராசஸர், யாருடைய விநியோகம், எந்த இயங்குதளம், எந்த சி லைப்ரரி என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறது.

இந்தத் தொகுதியை உருவாக்குவதிலேயே ஒரு கோழி முட்டைச் சிக்கல் உண்டு. சி லைப்ரரியை கம்பைல் செய்ய கம்பைலர் வேண்டும். கம்பைலர் முழுமையடைய சி லைப்ரரி வேண்டும். அதனால் ஜிசிசியை இரண்டு கட்டமாகக் கட்டுகிறார்கள். முதலில் லைப்ரரி இல்லாத அரைகுறைக் கம்பைலர். அதைக் கொண்டு லைப்ரரி. பிறகு அந்த லைப்ரரியோடு முழுக் கம்பைலர்.

பழக்கமில்லாதவர்களுக்கு இதெல்லாம் சுற்றிவளைத்த வேலையாகத் தோன்றலாம். உண்மையில் லினக்ஸின் பாட்டன் யுனிக்ஸே இப்படிப் பிறந்ததுதான். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனுக்குக் கிடைத்தது, அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு பிடிபி-7 கணினி. அதற்கான நிரல்களை முதலில் அவர் ஜிஇ-635 என்ற பெரிய கணினியில் எழுதி, பிடிபி-7 படிக்கக்கூடிய வடிவில் காகித நாடாவில் துளையிட்டு, அந்த நாடாவைக் கொண்டுபோய் ஓட்டினார். பிடிபி-7 தன் காலில் தானே நிற்கப் பழகும்வரை இப்படித்தான் நடந்தது.

கோப்பு இருக்கிறது, இல்லை என்கிறது

இரண்டாம் நாள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. டெபியன் லினக்ஸில் மிப்ஸுக்கான க்ராஸ் கம்பைலர் ஆயத்தமாகவே கிடைக்கும். அதை நிறுவி கம்பைல் செய்தேன். 19, 20ஆம் பைட்டுகளைப் பார்த்தேன்: 0, 8. சரியான குடும்பம். அனுப்பி ஓட்டினேன். "நாட் ஃபவுண்ட்" என்றது ரௌட்டர். கோப்புகளைப் பட்டியலிட்டால் அதே பெயரில் கண்முன்னே இருக்கிறது. ஓடச் சொன்னால் இல்லை என்கிறது. பெயரைத் திருப்பித் திருப்பித் தட்டச்சு செய்தேன். அனுமதிகளை மாற்றிப் பார்த்தேன். அன்று மாலை முழுக்க அதிலேயே போயிற்று.

காரணம் இது. பெரும்பாலான நிரல்கள் தனியாக ஓடுவதில்லை. எழுத்தைத் திரையில் காட்டுவது, கோப்பைத் திறப்பது போன்ற வேலைகளுக்கு சி லைப்ரரியை நம்பியிருக்கின்றன. நிரல் தொடங்கும்போது அதையும் லைப்ரரியையும் சேர்த்து வைக்க ஒரு தரகர் நிரல் உண்டு. அது எங்கே இருக்கும் என்ற முகவரி ஈஎல்எஃப் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டெபியனின் கம்பைலர், தன் வழக்கப்படி ஜிலிப்சி என்ற பெரிய லைப்ரரியின் தரகரைக் குறித்து வைத்திருந்தது. ஓபன்-டபிள்யூஆர்டியில் இருப்பதோ மஸ்ல் என்ற சிறிய லைப்ரரி. ரௌட்டர் இல்லை என்று சொன்னது என் கோப்பை அல்ல, அந்தத் தரகரை. யார் இல்லை என்று மட்டும் அது சொல்லவில்லை.

மஸ்ல் 2011-ல் ரிச் ஃபெல்கர் வெளியிட்ட லைப்ரரி. ஓபன்-டபிள்யூஆர்டி 2015-ல் அதற்கு மாறியது. என் ரௌட்டரில் அதன் தரகர் கோப்பின் பெயரில் "எஸ்எஃப்" என்று இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். சாஃப்ட் ஃப்ளோட் என்பதன் சுருக்கம் அது. இந்த ப்ராசஸரில் தசம எண்களைக் கணக்கிடத் தனி வன்பொருள் கிடையாது, எல்லாம் மென்பொருளாலேயே நடக்கும் என்று பொருள். ஆக, ப்ராசஸர் குடும்பம் பொருந்தினால் மட்டும் போதாது. லைப்ரரி பொருந்த வேண்டும். தசமக் கணக்கு முறை பொருந்த வேண்டும். ஒரே குடும்பத்துச் சட்டை என்றாலும் கழுத்தளவு, கையளவு தனித்தனி.

போட்டுப் பார்க்க முடியாது

என் அறுபது வரி நிரலைக் கட்டும் சிக்கல் இத்தோடு முடிந்துவிடும். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட பெரிய மென்பொருளை ரௌட்டருக்குக் கொண்டுபோகும்போதுதான் உண்மையான தலைவலி.

யுனிக்ஸ் உலகில் ஒரு மென்பொருளைக் கட்டுவதற்கு முன் "கான்ஃபிகர்" என்ற நிரல் ஓடும். பல்வேறு கணினிகளுக்கும் பொதுவாக எழுதப்பட்ட மூலநிரல், தான் வந்து சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்று விசாரிக்கும் கட்டம் அது. இந்த வசதி இங்கே உண்டா, அந்த எண்ணுக்கு எத்தனை பைட் என்று வரிசையாகக் கேட்கும். சில கேள்விகளுக்கு விடை காண ஒரு குட்டி நிரலை கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும். க்ராஸ் கம்பைலிங்கில் அந்தக் குட்டி நிரலை ஓட்ட முடியாது. சட்டையைப் போட்டுப் பார்க்க ஆள் கடைக்கு வரவில்லையே.

விடை தெரியாதபோது கான்ஃபிகர் எச்சரிக்கையாக "இல்லை" என்று எழுதிக்கொள்வது உண்டு. அதனால் விளைந்த ஒரு பிழை இந்தத் துறையில் வெகு பிரபலம். நினைவகம் கேட்டு வாங்கும் "மல்லாக்" என்ற செயற்கூறிடம் பூஜ்யம் பைட் கேட்டால் என்ன தரும் என்பது ஒரு கேள்வி. ஓட்டிப் பார்க்க முடியாத கான்ஃபிகர், இந்த ஊர் மல்லாக் சரியில்லை என்று தானே முடிவு செய்து, அதற்குப் பதிலாக "ஆர்பிஎல்_மல்லாக்" என்ற மாற்றுக் கூறைப் பயன்படுத்தச் சொல்லிவிடும். அப்படி ஒரு மாற்றை மென்பொருளை எழுதியவர் எழுதியே வைத்திருக்கமாட்டார். எல்லாம் கம்பைல் ஆகி, கடைசியில் கோக்கும்போது "ஆர்பிஎல்_மல்லாக்கைக் காணோம்" என்று நிற்கும். மருந்து எளிது. அந்தக் கேள்விக்கு "ஆம்" என்ற விடையை முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். இப்படித் தெரிந்த விடைகளைப் பட்டியலாகச் சேர்த்து வைத்திருப்பதும் அளவுச் சட்டையின் ஒரு பகுதிதான்.

கசிவு இதைவிட ஓசையில்லாமலும் நடக்கும். ஒரு மென்பொருளுக்கு ஒரு லைப்ரரி தேவை. ரௌட்டருக்காகக் கட்டிய பதிப்பு தனி அடைவில் இருக்கிறது. ஆனால் அதே லைப்ரரி மடிக்கணினியிலும் இருக்கிறது. தேடும் நிரல் பழக்க தோஷத்தில் மடிக்கணினியினுடையதை எடுத்துவிடும். லைப்ரரியையே எடுத்தால் லிங்கர் பொருந்தவில்லை என்று கத்திவிடும், அது நல்லது. லைப்ரரியின் அளவுகளை விவரிக்கும் தலைப்புக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டால் யாரும் கத்தமாட்டார்கள். 64 பிட் லினக்ஸில் "லாங்" என்ற எண்வகைக்கு 8 பைட். 32 பிட் மிப்ஸில் 4 பைட். கணக்கு தவறிய நிரல் அமைதியாக கம்பைல் ஆகி, வாடிக்கையாளர் வீட்டில் போய் விழும்.

இன்னொரு தொல்லை, கட்டும் நடுவிலேயே ஓட வேண்டிய நிரல்கள். சில மென்பொருள்கள் முதலில் ஒரு சிறு உதவி நிரலைக் கட்டி, அதை ஓட்டி வரும் விளைவை வைத்து மீதியைக் கட்டும். உதவி நிரல் மடிக்கணினியில் ஓட வேண்டும். மீதி ரௌட்டரில் ஓட வேண்டும். கத்தரி கடையில் இருக்க வேண்டும், சட்டை துபாய்க்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே கம்பைலரால் செய்யப் பார்த்தால் கதை கெட்டது. ரௌட்டருக்காக பைத்தான் மொழியைக் கட்ட வேண்டுமானால் முதலில் அதே பதிப்பு பைத்தான் செய்யும் கணினியிலும் இருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

போட்டுப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கடையில் ஒரு பொம்மை வைத்துக்கொள்ளலாம். 1975-ல் பால் ஆலனும் பில் கேட்ஸும் அதைத்தான் செய்தார்கள். ஆல்டேர் என்ற புதிய கணினிக்கு பேசிக் மொழியைச் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார்கள். கையில் ஆல்டேர் கிடையாது. அதன் இன்டெல் 8080 சிப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளை ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் ஆலன் எழுதினார். பேசிக் அந்தப் பொம்மையின் மீதே தைக்கப்பட்டது. ஆல்டேர் இருந்த அல்புகர்க்கி நகருக்குக் காகித நாடாவோடு ஆலன் விமானம் ஏறிய பிறகுதான், நாடாவைப் படித்து நினைவகத்தில் ஏற்றும் சிறு நிரலை எழுத மறந்தது நினைவுக்கு வந்தது. அதை விமானத்திலேயே எழுதி முடித்தார். உண்மையான ஆல்டேரை அங்கேதான் முதன்முதலில் தொட்டார். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டபோது 4 என்றது பேசிக்.

இன்று அந்தப் பொம்மை வேலையைச் செய்வது க்யூஇஎம்யூ. 2003-ல் ஃபப்ரீஸ் பெல்லார்ட் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். மிப்ஸ் நிரலை மடிக்கணினியிலேயே ஓட்டிக் காட்டும், வேகம் மட்டும் குறையும். சிப்பே இன்னும் கைக்கு வராத நிலையிலும் மென்பொருளைத் தொடங்க இதுதான் வழி. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் என்ற பொதுக் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. அவற்றுக்கான நிரல்களும் சாதாரண கணினிகளில் ரிஸ்க்-ஃபைவ் ஜிசிசியால்தான் உருவாகின்றன. புதிய ப்ராசஸர் செய்கிறவர்கள் எல்லோருக்கும் முதல் நண்பன் க்ராஸ் கம்பைலர்.

பொதி கட்டும் கலை

மூன்றாம் நாள் ஓபன்-டபிள்யூஆர்டியே தரும் ஆயத்தக் கருவித்தொகுதியை இறக்கினேன். என் ரௌட்டர் வகைக்கென்றே கட்டப்பட்டது. நிரல் முதல் தடவையிலேயே ஓடியது.

அங்கே வேலை நடக்கும் விதம் அழகானது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் மேக்ஃபைல் என்ற ஒரு சமையற்குறிப்பு. மென்பொருளின் பெயர், பதிப்பு, மூலநிரல் கிடைக்கும் இடம், இறக்கியது அசல்தானா என்று சரிபார்க்கும் எண், எந்தெந்தப் பொதிகளை நம்பியிருக்கிறது, கட்டி முடித்ததில் எந்தெந்தக் கோப்புகள் ரௌட்டருக்குப் போக வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். ஒரே குறிப்பு, ப்ராசஸர் மாறினால் வேறு பொதி. மூலநிரலை யாரும் ரௌட்டருக்கு அனுப்புவதில்லை. கட்டி முடித்த கோப்புகளும் கொஞ்சம் விவரமும் சுருட்டிக் கட்டப்பட்ட ஒரு சிறு மூட்டைதான் போகிறது. பொதி என்பது இதுதான். ஐபிகே என்ற இந்த மூட்டை வடிவத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்திவந்த ஓபன்-டபிள்யூஆர்டியின் வளர்ச்சிக் கிளை, 2024-ன் இறுதியில் ஆல்பைன் லினக்ஸின் ஏபிகே முறைக்கு மாறியது.

பொதிகளைக் கட்டுகிறவரின் கண் எப்போதும் அளவின் மேல் இருக்கும். வேகத்தைவிடச் சிறிய கோப்பே முக்கியம் என்று கம்பைலரிடம் சொல்லிவிடுவார்கள். பிழைதேட உதவும் பெயர்ப்பட்டியல்களைக் கடைசியில் உரித்து எடுத்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கான லினக்ஸ் கட்டளைகளுக்குத் தனித்தனிக் கோப்பு வைக்க இடம் இல்லாததால் பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரலே எல்லா வேடமும் போடும். எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று பார்த்து அந்த வேலையைச் செய்யும். டெபியனை நிறுவும் வட்டு ஒரே ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக 1990-களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கியது அது. ஃப்ளாப்பி போய்விட்டது. அந்தக் கஞ்சத்தனம் ரௌட்டருக்குக் கைகொடுத்தது.

ஒரு கோடியே 67 லட்சம் தடவை

நிரல் ஒரு இரவு முழுக்க ஓடியது. காலையில் அது எழுதிய கோப்பை மடிக்கணினிக்கு எடுத்துவந்து திறந்தேன். இரவில் இணையம் 1,67,77,216 தடவை அறுந்ததாகக் கணக்கு காட்டியது. அவ்வளவு கோபம் எனக்கே இல்லை.

அந்த 0, 8 பழிவாங்கியது இங்கேதான். எண்ணை எழுத்தாக எழுதாமல், நினைவகத்தில் உள்ள நான்கு பைட்டை அப்படியே கோப்பில் போட்டிருந்தேன். ரௌட்டரின் மிப்ஸ் பெரிய இலக்கத்தை முதலில் வைக்கும்: 0, 0, 0, 1. மடிக்கணினியின் இன்டெல் சிறிய இலக்கத்தை முதலில் எதிர்பார்க்கும். அதே நான்கு பைட்டை அது படித்தால், சிறிய இலக்கமாக இருக்க வேண்டிய 1 உச்சிக்குப் போய், 256-ஐ மூன்று முறை பெருக்கிய மதிப்பாகிவிடுகிறது. உண்மையில் அன்று இரவு இணையம் அறுந்தது ஒரே ஒரு முறை.

முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று 'கல்லிவரின் பயணங்கள்' கதையில் நடக்கும் சண்டையை நினைவில் வைத்து, இந்த இரு வழக்கங்களுக்கும் பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்களை 1980-ல் டேனி கோஹன் வைத்தார். எது சரி என்ற கேள்விக்கே இடமில்லை. ஒரு கணினி எழுதியதை இன்னொரு கணினி படிக்கும் என்றால் எந்த வழக்கம் என்று முன்பே பேசிவைக்க வேண்டும். நான் பேசிவைக்கவில்லை. கம்பைலர் பிழை சொல்லவில்லை, ரௌட்டர் பிழை சொல்லவில்லை. தையற்காரன் தன் உடம்பை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அளவு யார் கையில்?

இவ்வளவு வசதியும் தானாக வந்ததில்லை. 2002-ன் இறுதியில் லின்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான பெட்டி, இரண்டு ஆன்டெனா. மறு ஆண்டு சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. அந்த ரௌட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்று 2003-ல் சில நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், 1991-ல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின் கீழ் வருவது. அதை வைத்துச் செய்த பொருளை விற்றால் மூலநிரலையும் கேட்பவர்களுக்குத் தர வேண்டும். மூலநிரல் என்றால் எது என்பதையும் அந்த உரிமம் விளக்குகிறது. கம்பைல் செய்வதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் சேர்த்தி. துணியை மட்டும் கொடுத்தால் போதாது, அளவுச் சட்டையையும் கொடு என்பதுதான் அந்த வரியின் சாரம்.

பலரும் வற்புறுத்தியபின் 2003-ல் மூலநிரல் வெளியானது. அதையும், யுசிலிப்சி என்ற சி லைப்ரரித் திட்டத்தின் பில்ட்ரூட் என்ற கட்டும் அமைப்பையும் வைத்து 2004 ஜனவரியில் ஓபன்-டபிள்யூஆர்டி தொடங்கியது. அதன் பெயரின் பின்பாதி அந்த ரௌட்டரின் பெயரிலிருந்து வந்தது. ஒரே ஒரு பெட்டிக்காகத் தொடங்கிய வேலை இன்று பல நிறுவனங்களின் எத்தனையோ கருவிகளுக்குப் பொதுச்சொத்தாக நிற்கிறது.

இரும்பு கெட்டுத்தான் ரௌட்டர் சாக வேண்டும் என்பதில்லை. உற்பத்தியாளர் புதுப்பித்தல் தருவதை நிறுத்தும் நாளிலேயே அது பாதி செத்துவிடுகிறது. அதற்குப் பிறகு தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. மூலநிரலும் கட்டும் முறையும் வெளியே இருந்தால் வேறு யாராவது அடைப்பார்கள். அதற்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. என் ரௌட்டர் போன்ற 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம் பெட்டிகளுக்கு ஓபன்-டபிள்யூஆர்டியே 19.07 வரிசையோடு விடைகொடுத்துவிட்டது. கர்னல் பெருத்துக்கொண்டே போனதில் அந்தச் சட்டைக்குள் உடம்பு நுழையவில்லை. அதனால் அதை இணையத்தின் வாசலில் காவலுக்கு வைக்கவில்லை. புதிய ரௌட்டருக்குப் பின்னால், வீட்டுக்குள் கணக்குப்பிள்ளையாக மட்டும் வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை ரௌட்டர் வாங்கும்போது வேகத்தோடு ஃபிளாஷும் ரேமும் எவ்வளவு என்று கேளுங்கள். ஓபன்-டபிள்யூஆர்டி தன் கருவிப் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. அதில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பார்க்கும்போது மாடல் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள், அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். டபிள்யூஆர்டி54ஜியின் நான்காம் பதிப்பில் 4 எம்பி ஃபிளாஷும் லினக்ஸும் இருந்தன. 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 2 எம்பி ஃபிளாஷும் லினக்ஸ் அல்லாத வேறொரு இயங்குதளமும் இருந்தன. பெட்டிக்கு வெளியே பெயர் ஒன்றுதான்.